பி.எஸ்.ஏ.: எங்கே இருக்கிறது, எங்கே இருக்கக் கூடாது

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலை பஸ்களில் மடியில் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேரையாவது பார்க்கலாம். கவருக்குள் ஸ்கேன் படமும் லேப் சீட்டும் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லைக்கோடு வந்த பிறகும், பெரிய நோய் என்றால் மெடிக்கல் காலேஜ், கட்டி என்று சொல்லிவிட்டால் அதே வளாகத்துப் புற்றுநோய் மருத்துவமனையான ஆர்.சி.சி. என்ற வழக்கம் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் மாறவில்லை. அறுபது தாண்டிய ஆண்களின் கவருக்குள் இப்போது அடிக்கடி தென்படுவது பி.எஸ்.ஏ. சீட்டு. புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு, புராஸ்டேட் ஸ்பெசிஃபிக் ஆன்டிஜென் என்ற புரதத்தை ரத்தத்தில் அளக்கும் சோதனை அது. 6.8 என்றோ 9.2 என்றோ ஓர் எண் தடித்த எழுத்தில் இருக்கும், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதற்கு நேரே, இயல்பு அளவு 0 முதல் 4 வரை என்று அச்சடித்திருக்கும்.

ரப்பர் பால்வெட்டி ஓய்ந்த ஒரு மாமா அப்படி ஒரு சீட்டை நீட்டிவிட்டுக் கேட்டார்: "நல்ல ஆளுக்கு இந்தப் புரதம் இருக்கவே கூடாதுல்லா மக்களே? நாலு வரைக்கும் விட்டுருக்கது என்ன கணக்கு?"

சரியான கேள்விதான். புற்றுநோயைக் காட்டும் பொருள் என்றால் அது புற்றுநோய் இருப்பவரிடம் மட்டும்தானே இருக்க வேண்டும்? பெரும்பாலானவர்கள் நினைத்திருப்பது அப்படித்தான். உண்மை வேறு. பி.எஸ்.ஏ.யைச் செய்வது, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பி. நோய் வந்தாலும் வராவிட்டாலும் அது செய்துகொண்டுதான் இருக்கும். இருபது வயதுப் பையனின் சுரப்பியில் நிறைய உண்டு. சீட்டில் உள்ள எண், அந்தப் புரதம் உடம்பில் இருக்கிறதா என்று சொல்வதில்லை. போகக் கூடாத வழியில் ரத்தத்துக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்கிறது.

பி.எஸ்.ஏ. 237 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நொதி. 19-ஆம் குரோமோசோமில் உள்ள கே.எல்.கே.3 என்ற மரபணுதான் அதற்கு மூலம். புராஸ்டேட்டுக்குள் ஓடும் நுண்குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்கள் இதைக் குழாய்க்குள் சுரக்கின்றன. விந்து வெளியேறியவுடன் கூழ்போல் இறுகும். செமினோஜெலின் என்ற புரதம் வலை பின்னுவதால் வருகிற இறுக்கம் அது. அந்த வலையை வெட்டி அரை மணி நேரத்துக்குள் நீர்க்க வைப்பதும், விந்தணு நீந்த வழி விடுவதும் பி.எஸ்.ஏ.யின் வேலை. பிள்ளைப்பேற்றுக்கான பொருள்தான் இது.

ஒரு மில்லிலிட்டர் விந்தில் பி.எஸ்.ஏ. மில்லிகிராம் கணக்கில் இருக்கும். நலமாக உள்ள ஒருவரின் ரத்தத்தில் அதே ஒரு மில்லிலிட்டரில் ஒன்றிரண்டு நானோகிராம்தான்; சீட்டில் உள்ள எண் இந்தக் கணக்குதான். ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். ஒரே உடம்பில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு திரவங்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய வேறுபாடு நிலைத்து நிற்கிறது என்றால், நடுவில் ஒரு நல்ல தடுப்பு இருந்தாக வேண்டும். சுரக்கும் செல்களுக்கு வெளியே அடித்தளச் செல்களின் வரிசை, அதற்கும் வெளியே மெல்லிய அடிச்சவ்வு, பிறகு தசையும் நாரும் கலந்த திசு, அதற்குப் பிறகுதான் ரத்த நுண்குழாய். மாமாவுக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னேன். ரப்பர் மரத்துப் பட்டைக்குள் பால் எப்போதும் உண்டு, நல்ல மரத்தில்தான் அதிகம். வெளியே பால் வடிந்தால் பட்டை எங்கோ கீறியிருக்கிறது என்று தெரியும். கத்தி கீறியதா, மரம் நோய்ப்பட்டதா என்பது வடிகிற பாலைப் பார்த்துத் தெரியாது.

1979-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் ஆய்வகத்தில் வாங், சூ முதலானோர் இந்தப் புரதத்தைப் புராஸ்டேட் திசுவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நலமான திசு, வயதில் வீங்கிய திசு, புற்றுத் திசு மூன்றிலும் அது இருப்பதை அப்போதே கண்டார்கள். அதற்குச் சில வருடம் முன்பே, 1971-இல், ஜப்பானில் ஹாரா குழுவினர் விந்திலிருந்து இதே பொருளைக் கண்டெடுத்திருந்தார்கள். அவர்கள் தேடியது புற்றுநோயை அல்ல, பாலியல் குற்ற வழக்குகளில் விந்துக் கறையை உறுதிசெய்ய ஒரு சோதனையை. குடும்பக் கட்டுப்பாடு செய்தவரின் கறையில் விந்தணு இருக்காது, ஆனால் பி.எஸ்.ஏ. இருக்கும். தடயவியல் லேபுகளில் அந்தப் பயன்பாடு இன்றும் உண்டு. ரத்தச் சோதனையாக அமெரிக்க மருந்து நிர்வாகம் இதை அனுமதித்தது 1986-இல். அதுவும் ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களைக் கண்காணிக்க மட்டும். நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை என்ற அனுமதி 1994-இல்தான் வந்தது. இந்த எட்டு வருட இடைவெளியை நம்மூர் 'முழு உடல் பரிசோதனை' விளம்பரங்கள் சுத்தமாக மறந்துவிட்டன.

அடுத்து வருவது படித்தவர்களுக்கும் வியப்பைத் தரும். புற்றுச் செல் நல்ல செல்லைவிட அதிகமாக பி.எஸ்.ஏ. செய்கிறது என்றுதானே தோன்றும்? செல்லுக்குச் செல் கணக்கிட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் செய்கிறது. செல் எவ்வளவு முரடாக மாறுகிறதோ, அவ்வளவுக்குத் தன் பழைய தொழிலை மறக்கிறது. ஆனாலும் ரத்தத்தில் அளவு ஏறுகிறது, ஏனென்றால் புற்று வந்த இடத்தில் அடித்தளச் செல் வரிசை இல்லாமல் போகிறது. குழாய் அமைப்பு குலைந்து, எந்தப் பக்கம் சுரப்பது என்ற திசையே செல்லுக்கு இல்லாமல் போகிறது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டேமி குழுவினர் 1987-இல் வெளியிட்ட கணக்குப்படி, வீங்கிய சாதாரணத் திசு ஒரு கிராமுக்கு ரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 0.3 நானோகிராம் ஏற்றுகிறது. புற்றுத் திசு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3.5 ஏற்றுகிறது. உற்பத்தி குறைந்தும் கசிவு பத்து மடங்குக்கு மேல்.

ஆகவே எண் ஏறுவதற்குத் தடுப்பு உடைய வேண்டும், அல்லது சுரப்பியே பெருக்க வேண்டும். வயதாக ஆகப் புராஸ்டேட் பெருக்காத ஆண்கள் குறைவு. பெருத்தால் எண் கூடும். சிறுநீர்த் தொற்று வந்து சுரப்பி அழன்றால் 20, 30 என்றுகூடக் காட்டிவிட்டு, ஆன்டிபயாடிக் முடிந்து சில வாரத்தில் இறங்கிவிடும். மூத்திரம் அடைத்து டியூப் போட்டவருக்கும் கூடும். விந்து வெளியேறி ஓரிரு நாளுக்குச் சற்று கூடுவதும் உண்டு. தொற்று இருக்கிற வாரத்திலேயே, டியூபோடு படுத்திருக்கும்போதே, 'எதுக்கும் பாத்துடலாம்' என்று இந்தச் சோதனையையும் சேர்த்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த எண்ணால் யாருக்கும் பயன் இல்லை, வீட்டில் உள்ளவர்களின் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

மறுபக்கமும் உண்டு. 2004-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், எண் எப்போதும் 4-க்கு மேல் போகாத ஆண்களுக்கும் திசு எடுத்துப் பார்த்தார்கள். 15.2 சதவீதம் பேரிடம் புற்று இருந்தது. அரை நானோகிராம்கூட இல்லாதவர்களிலும் 6.6 சதவீதம் பேரிடம் இருந்தது. அவற்றில் பல ஆயுசு முழுவதும் தொந்தரவு தராத சிறு கட்டிகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆக, 4 என்பது மனிதர்கள் வசதிக்காகக் கிழித்த கோடு. நம் எல்லை செக்போஸ்ட் மாதிரிதான், அதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஊர்.

4-க்கும் 10-க்கும் இடைப்பட்ட குழப்பத்தில் உதவுவது, கட்டற்ற பி.எஸ்.ஏ. எத்தனை சதவீதம் என்ற இரண்டாவது சோதனை. ரத்தத்துக்குள் வந்த பி.எஸ்.ஏ.யை ஆன்டிகைமோட்ரிப்சின் என்ற காவல் புரதம் பிடித்துக் கட்டிவிடும், ஆனால் வேலைத் திறனோடு வந்ததை மட்டும்தான். முறையாகக் குழாய்க்குள் சுரந்து, அங்கேயே சில வெட்டுகள் பட்டுச் செயலிழந்த பி.எஸ்.ஏ. பிறகு மெல்லக் கசிந்தால் அதைக் காவல் புரதம் சீண்டாது. அது தனியாகவே மிதக்கும். புற்றுத் திசுவிலிருந்து நேராக ரத்தத்துக்கு வந்ததில் கட்டப்பட்டது அதிகமாகவும் தனித்து நிற்பது குறைவாகவும் இருக்கும். 1998-இல் வெளியான ஆய்வில், 4 முதல் 10 வரை எண் இருந்து, ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையில் சுரப்பி சந்தேகம் தராதவர்களில், தனித்து நிற்பது 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் புற்றுக்கான வாய்ப்பு 56 சதவீதம். 25-க்கு மேல் இருந்தால் 8 சதவீதம். எந்த வழியாக வந்தது என்ற தடயத்தைப் புரதம் தன் உடம்பிலேயே சுமந்து வருகிறது. எனக்கு இந்த இயலிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான்.

எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மூத்திரச் சிரமத்துக்குத் திருவனந்தபுரத்து டாக்டர் ஃபினாஸ்டரைடோ டூட்டாஸ்டரைடோ எழுதியிருப்பார். ஆறு மாதம், ஒரு வருடம் சாப்பிட்டால் சுரப்பி சுருங்கும், பி.எஸ்.ஏ. எண்ணும் பாதியாகும். பிறகு ரத்தச் சோதனை மார்த்தாண்டத்தில் நடக்கும். அங்கே 3.2 என்று வந்தால் சீட்டில் நட்சத்திரம் இருக்காது, எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். இரட்டித்துப் பார்த்தால் 6.4. மருந்து எழுதிய கோப்பு ஒரு மாநிலத்தில், ரத்தச் சோதனைச் சீட்டு இன்னொரு மாநிலத்தில். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால்தான் இந்தக் கணக்குப் புரியும். இன்னொன்று, லேபுக்கு லேப் கருவியின் அளவீட்டுத் தரம் வேறுபடும். ஒரே ரத்தத்துக்கு ஒரு தரத்தில் இன்னொன்றைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டுவது உண்டு. ஒரு தடவை பாறசாலை, அடுத்த தடவை குழித்துறை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு எண் ஏறியது இறங்கியது என்று பேசுவதில் அர்த்தமில்லை.

நகரங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் புராஸ்டேட் முன்வரிசையில் இருக்கும் இடங்களில் திருவனந்தபுரமும் ஒன்று. மக்கள் அதிக வயது வாழும் இடத்தில் இந்த நோய் அதிகம் தெரிவது இயல்பு. அதற்காக எல்லாருக்கும் சோதனை செய்துவிடலாமா என்றால், 2009-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு, இந்த நோயால் வரும் சாவு 20 சதவீதம் குறைந்தது என்றும், ஒரு சாவைத் தடுக்க 1,410 பேரைச் சோதித்து, கூடுதலாக 48 பேருக்குச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது என்றும் சொன்னது. அந்த 48 பேரில் பலருக்குச் சிகிச்சையின் பின்விளைவாக மூத்திரக் கசிவும் ஆண்மைக்குறைவும் வந்திருக்கும். டாக்டரிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய சோதனை இது, தள்ளுபடி பேக்கேஜில் இலவச இணைப்பாக வரவேண்டியது அல்ல.

எண் சந்தேகமாக இருந்தால் அடுத்தது எம்.ஆர்.ஐ., பிறகு ஊசியால் திசு எடுப்பது. அந்தத் திசுவை நோய்க்குறியியல் டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் எப்படிப் பார்க்கிறார் என்பது நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பி.எஸ்.ஏ.யைப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு (ஆன்டிபாடி) சாயம் ஏற்றினால், அது இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும். ஒழுங்கான குழாயும் பழுப்பு, பக்கத்தில் ஒழுங்கற்றுக் கிடக்கும் புற்றுக் குழாயும் பழுப்பு. புராஸ்டேட்டுக்குள் இந்தச் சாயம் நல்லது கெட்டதைப் பிரிக்காது. அதனால் அவர் வேறு சாயம் போடுகிறார்: அடித்தளச் செல்லில் மட்டும் இருக்கும் பி63 போன்ற புரதங்களைக் காட்டும் சாயம். நல்ல குழாயைச் சுற்றி மணிமாலைபோல் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். புற்றுக் குழாயைச் சுற்றி ஒன்றும் தெரியாது. இல்லாத ஒன்றைத் தேடித்தான் நோயை உறுதிசெய்கிறார்கள்.

அதே பி.எஸ்.ஏ. சாயம் வேறோர் இடத்தில் மிகப் பெரிய சாட்சி. இடுப்பெலும்பு வலி என்று வந்தவரின் எலும்பிலிருந்தோ கழுத்து நெறிக்கட்டியிலிருந்தோ திசு எடுத்து, அதில் பழுப்பு வந்தால், அந்தச் செல் அநேகமாகப் புராஸ்டேட்டிலிருந்து புறப்பட்டு வந்தது என்று தெரிந்துவிடும். பிறழவே பிறழாத சாட்சி என்று சொல்லிவிட முடியாது. மிகக் குறைந்த அளவில் பெண்களின் மார்புத் திசுவிலும், தாய்ப்பாலிலும், மூத்திரத் துவாரத்தை ஒட்டிய ஸ்கீன் சுரப்பிகளிலும் பி.எஸ்.ஏ. இருக்கிறது. சில மார்புப் புற்றுகளும், சில உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுகளும்கூட இந்தச் சாயத்தை ஏற்கும். அதனால் ஒரே சாயத்தை நம்பி யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை.

அறுவையில் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்ட பிறகு இந்த எண்ணின் அர்த்தமே மாறுகிறது. ரத்தத்தில் உள்ள பி.எஸ்.ஏ. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போய், ஆறு வாரத்துக்குள் அளக்க முடியாத அளவுக்கு வந்துவிட வேண்டும். நல்ல திசு இல்லாத உடம்பில் பி.எஸ்.ஏ. தெரிந்தால் அதற்குச் சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அங்கே 0.2 என்பதே எச்சரிக்கை. அறுவைக்கு முன் 3 என்று வந்து நிம்மதியாக இருந்தவருக்கு, அறுவைக்குப் பின் 0.3 என்றால் டாக்டர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படித் திரும்ப ஏறுகிறவர்களுக்கு இப்போது, கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் எழுதுகிறார்கள். அங்கே தேடுவது பி.எஸ்.ஏ.யை அல்ல, பி.எஸ்.எம்.ஏ. (புராஸ்டேட் ஸ்பெசிஃபிக் மெம்பிரேன் ஆன்டிஜென்) என்ற வேறொரு புரதத்தை. பெயரில் ஓர் எழுத்துதான் வேறு, நடத்தையில் ஏறக்குறைய நேரெதிர். பி.எஸ்.ஏ. சுரந்து வெளியேறிவிடும்; பி.எஸ்.எம்.ஏ. செல்லின் மேல்சவ்விலேயே குத்தி நிற்கும். செல் முரடாக முரடாக பி.எஸ்.ஏ. குறையும், பி.எஸ்.எம்.ஏ.யோ பெரும்பாலும் கூடும். நல்ல புராஸ்டேட் செல்லில் உள்ளதைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வரைகூடப் போகும். ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டால் பி.எஸ்.ஏ. சரியும், பி.எஸ்.எம்.ஏ. ஏறக் கூடும். முதன்முதலில் இதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை 1987-இல் உருவாக்கியதும் அதே ராஸ்வெல் பார்க்தான்.

இந்தப் புரதமும் நலமான உடம்பில் உண்டு, அதுவும் புராஸ்டேட்டுக்கு வெகு தூரத்தில். சிறுகுடலின் தொடக்கத்தில், கீரையிலிருந்து வரும் ஃபோலேட்டின் குளூட்டமேட் வாலை நறுக்கி உடம்பு உறிஞ்சும்படி செய்வது இதுதான். மூளையில் ஒரு நரம்புத் தூதுப்பொருளை உடைக்கிறது. சிறுநீரக நுண்குழாயிலும் இருக்கிறது. ஸ்கேனுக்குக் கொடுக்கும், கேலியம்-68 என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய மருந்து, உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கண்ணீர்ச் சுரப்பியிலும்கூட நன்றாகப் படியும். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால், கண்ணுக்கு மேலே இரண்டு புள்ளி, காதுக்கும் தாடைக்கும் கீழே திட்டுகள், வயிற்றில் இரண்டு சிறுநீரகமும் சுடர்விட, சிறுநீர்ப்பையும் ஒளிரும். பார்த்த மகன் "முகமெல்லாம் பரவிட்டுதே" என்று தலையில் கை வைப்பான். ஒளிர்வது பெரும்பாலும் நல்ல திசுதான். பழைய விலா எலும்பு முறிவும், முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளும் லேசாக மினுங்கி, பழக்கமில்லாத கண்ணை ஏமாற்றும். சிறுநீரகப் புற்று போன்ற வேறு கட்டிகளிலும் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்களில் பி.எஸ்.எம்.ஏ. உண்டு, ஆகவே அவையும் ஒளிரும். இங்கேயும், ஒளியைவிட அது விழுந்த இடத்தைப் பார்க்கத் தெரிந்தவரே படத்தைப் படிக்க முடியும்.

இதே போன்ற மூலக்கூறில் கேலியத்துக்குப் பதில் லூட்டீசியம்-177 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளை ஏற்றினால் அது சிகிச்சை மருந்தாகிவிடும். எங்கே ஒட்டுகிறதோ அங்கே கதிர்வீச்சைக் கொட்டும். 2021-இல் வெளியான விஷன் ஆய்வில், ஹார்மோன் மருந்தும் கீமோதெரபியும் கொடுத்தும் நோய் அடங்காமல் போனவர்களின் இடைநிலை (மீடியன்) வாழ்நாளை 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாக இது கூட்டியது. 2022 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எடுத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேருக்கு வாய் வறண்டது. மரச்சீனியையும் மீன்கறியையும் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் இறக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லும் நோயாளிக்கு நடப்பது இதுதான்: உமிழ்நீர்ச் சுரப்பியும் அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு பங்குக் கதிர்வீச்சை வாங்கிக்கொள்கிறது.

பத்தில் ஒன்றுக்கும் குறைவான புராஸ்டேட் புற்றுகள் பி.எஸ்.எம்.ஏ.யைக் காட்டுவதே இல்லை. அப்படிப்பட்ட புற்று உள்ளவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் சிறுநீரகத்துக்கும் மட்டும் கதிர்வீச்சு போய்ச் சேரும், கட்டி அப்படியே இருக்கும். அதனால்தான் லூட்டீசியம் தொடங்கும் முன், செலவைப் பார்க்காமல் முதலில் பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் எடுத்துவரச் சொல்கிறார்கள்.